மீன் அறையின் காற்று

ஜூன் 3, 2009. புதன்.

காலை மாத்தே மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே மீன் அறைக்குள் போனால் சுவர் வெப்பமானியில் பதினாறு டிகிரி. என் மீன்களின் தாய்வீடான அமேசான் நதியே நேரில் வந்திருந்தாலும் கம்பளி கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கும். பூமியின் இந்தத் தென்கோடியில் ஜூன் என்றால் கடுங்குளிர்; தொட்டிக்கு ஒரு ஹீட்டர் என்ற பழைய முறை இதற்கு ஆகாது. பதினான்கு ஹீட்டர்களும் ஒன்றாக வேலை செய்தால் தெரு விளக்கு மங்குகிறது. நேற்று ஃப்யூஸ் போய்ப் போய் எனக்கே கை வலித்தது.

ஆகவே, பதினான்கு கடல்களின் அதிபதியும், தந்தில் ஊர்க் கல்குவாரியில் முப்பது வருடம் வெடி வைத்து மலைகளை மண்டியிட வைத்தவனுமாகிய எவாரிஸ்தோ பிஸுட்டி இன்று ஆணை பிறப்பிக்கிறேன்: இனிமேல் தொட்டியைச் சூடாக்குவதில்லை. அறையைச் சூடாக்குவது. அறை சூடானால் தொட்டிகள் தாமாக வழிக்கு வரும்.

ஆணையைக் கேட்க அவையில் இருந்தது இவானா மட்டும். இறந்துபோன என் தங்கையின் மகள். சலாமி இறைச்சிக் கடையில் வேலை. புருஷன் ஃபாபியான் தெற்கே நெயூகெனில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனதிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறாள். கர்ப்பத்துக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. வயிற்றில் இருப்பவருக்குத் தளபதி என்று நான் பட்டம் சூட்டியிருக்கிறேன்.

"மீனுக்கு அரண்மனை கட்டுறீங்க. குளியலறைக் குழாய எப்ப மாமா மாத்துவீங்க?"

"பேரரசுன்னா ஒரு வரிசை இருக்கும்மா."

"தெரியுமே. மொதல்ல மீனு, அப்புறம் மீனு, அப்புறம் நீங்க. நான் நாலாவது."

"தளபதி எல்லாருக்கும் முன்னாடி. அவருக்கு அப்புறந்தான் மீனே."

சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இவளையும் அந்தக் குழந்தையையும் விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? செதில் முளைத்தவர்கள்தான்.

ஜூன் 8, திங்கள்.

எரிவாயு வேலைக்கு சிப்ரியானோ வந்தான். கணப்பை மாட்டினான். புகைக்குழாய் இல்லாத வகை. சுவரில் தொங்கும், முகம் சிவந்து எரியும். மாட்டி முடித்ததும் துளைபோடும் கருவியை எடுத்து என் சுவரில் கீழே ஒரு துவாரம், மேலே ஒரு துவாரம். ஒவ்வொன்றும் கை நுழையும் அகலம். வெளியிலிருந்து தெற்குத் துருவமே வந்து எட்டிப் பார்த்தது.

"குளிர உள்ள கூப்பிட ஓட்டையும் போட்டு, அதை விரட்ட நெருப்பும் வைக்கிறோமே, இது எந்த ஊர் நியாயம் சிப்ரியானோ?"

"உசுரோட இருக்கறவங்க ஊர் நியாயம், எவாரிஸ்தோ ஐயா. இது அறைக் காத்தத் தின்னுட்டு அறைக்குள்ளயே துப்புற கணப்பு. ரெண்டு ஓட்டையும் தெறந்தே இருக்கணும். பக்கத்து அறையில யாராவது படுக்கறாங்களா?"

"பழைய பத்திரிகைங்க படுத்திருக்கு."

"அதுங்களே படுத்திருக்கட்டும். மனுசங்க வேண்டாம்."

ஒரு முழு சலாமி கொடுத்து அனுப்பினேன். ராஜமரியாதை.

ஜூன் 9, செவ்வாய்.

சிப்ரியானோவின் வண்டி தெருமுனை திரும்பியதா என்று பார்த்துவிட்டுத்தான் செய்தேன். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் இதே சடங்குதான். ஆய்வாளர் போகும்வரை துவாரம் திறந்திருக்கும், அவர் முதுகு மறைந்ததும் துணியோ செய்தித்தாளோ உள்ளே போகும். துணி வைப்பது எளியோர் வழக்கம். நான் மீன் வந்து இறங்கும் தெர்மாகோல் பெட்டியை வட்டமாக அறுத்து, பாட்டிலுக்குத் தக்கை போல இரண்டு துவாரத்திலும் இறுக்கினேன். கதவிடுக்கில் நாடா ஒட்டினேன். ஓர் எறும்பு மூச்சுவிட வேண்டுமென்றாலும் என்னிடம் மனுப்போட வேண்டும்.

மாலை இருபத்தெட்டு டிகிரி. ஜன்னலில் தண்ணீர் தாரையாக வழிகிறது. அமேசான் வந்தேவிட்டது.

ஜூன் 17, புதன்.

டிஸ்கஸ் மீன் ஜோடி முட்டையிட்டது. பேரரசரும் பேரரசியும் இரண்டு வருடமாக என்னை அலட்சியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று முட்டையிட நான் வைத்த மண்கூம்பைத் துடைத்து, வரிசையாக, என் ஓய்வூதிய அலுவலகத்தில்கூட நான் காணாத ஒழுங்கில் முட்டை ஒட்டியிருக்கிறார்கள். இவானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியருகே குனிய வயிறு இடித்தது.

ஜூன் 19, வெள்ளி.

தின்றுவிட்டார்கள். முட்டை அனைத்தையும். அரச குடும்பங்களில் இது சகஜம்.

ஜூன் 25, வியாழன்.

பன்றிக்காய்ச்சல் என்ற புதிய காய்ச்சல் ஊரைப் பிடித்துக்கொண்டது. தொலைக்காட்சியில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. மருந்துக்கடையில் முகமூடி தீர்ந்துபோய் ஆட்கள் கழுத்துத்துண்டைக் கட்டிக்கொண்டு கொள்ளைக்காரர்கள் மாதிரி ரொட்டி வாங்குகிறார்கள்.

துல்லியோ வந்தான். மீன் வளர்ப்போர் சங்கத்தில் என்னைத் தவிர உண்மை பேசாத ஒரே ஆள். வாசல் இரும்புக் கதவுக்கு அப்பால் நின்றான், உள்ளே வர மாட்டேன் என்றான்.

"ஏன்டா, என் மீனு உன்மேல தும்மிடுமா?"

"உன் மீனு தும்மாது. நீ தும்முவ. என் நெஞ்சு ஏற்கெனவே ஓட்டை வண்டி. வசந்தம் வந்ததும் வர்றேன், பேரரசியக் கும்பிட்டுக்கறேன்."

வழக்கமாக வாரம் இருமுறை என் மீன் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை கண்டுபிடிப்பவன். போகட்டும். நிம்மதி.

ஜூலை 2, வியாழன்.

கர்ப்பிணிகள் வேலைக்கு வரக் கூடாது, பதினைந்து நாள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அரசு உத்தரவு. இந்தக் காய்ச்சல் அவர்களைத்தான் அதிகம் கொல்கிறதாம். இவானா இன்று மதியமே வந்துவிட்டாள்.

அவள் படுக்கும் முன்னறை ஐஸ்பெட்டி. அங்கே அவளைப் பதினைந்து நாள் வைப்பதா? மீன் அறைக்குப் பக்கத்து அறையிலிருந்து பத்திரிகைகளை வெளியேற்றி அவள் கட்டிலைப் போட்டேன். இடைக்கதவைத் திறந்து வைத்தால் அங்கேயும் இருபத்திரண்டு. ஊரிலேயே வெதுவெதுப்பான அறை, ஆளுநர் மாளிகையில்கூடக் கிடையாது.

"மாமா, நெஜமாவே சொர்க்கம்," என்றாள், காலுறையைக் கழற்றிக்கொண்டே. படுத்தபடியே தொட்டிகளைப் பார்க்கலாம். டி.வி.யை விட மேலாம்.

ஜூலை 4, சனி.

இவானாவுக்குத் தலைவலி. காய்ச்சல் இல்லை. எனக்கும் காலையில் தொட்டி துடைக்கும்போது மண்டை கனக்கிறது. நேற்றைய சிவப்பு ஒயினைக் கண்டித்தேன்.

கணப்பின் சுடர் முதல்நாள் நீலமாகச் சீறிக்கொண்டிருந்தது, இப்போது ஓரங்களில் மஞ்சள். மேல்சுவரில் லேசாகக் கருமை. சூரியகாந்தித் தோட்டம் பூத்தது போல அழகாக இருக்கிறது.

ஜூலை 6, திங்கள்.

நியான் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் தூக்கிக் காற்றுக் குடிக்கின்றன. அமிலம் பார்க்கும் தாளை நனைத்தேன்: தண்ணீர் புளித்துக் கிடக்கிறது. பஞ்சு வடிகட்டி அடைத்ததோ? கழுவினேன். முற்றத்துப் பீப்பாயில் இருக்கும் மழைத்தண்ணீரைச் சூடேற்றிப் பாதி மாற்றினேன். அரைமணி நேரத்தில் தெளிந்து விளையாடின. என் கை பட்டால் பிணம் எழுந்து சாம்பா ஆடும்.

மாலை மறுபடி மேலே வந்துவிட்டன.

ஜூலை 7, செவ்வாய்.

நியான் மட்டுமில்லை. பதினான்கு தொட்டியும். தரையைவிட்டு எழாத கெளுத்திகூட.

இவானா வாந்தி. மருத்துவரிடம் போனில் பேசினேன், குரலிலேயே தெரிந்தது, அந்த ஆள் நாலு நாளாகத் தூங்கவில்லை. அந்தக் காய்ச்சலின் தொடக்கமாக இருக்கலாம், நேரில் கூட்டிவராதீர்கள், இங்கே வந்தால் நிச்சயம் தொற்றும், கதகதப்பாகப் படுக்க வையுங்கள், நீர் நிறையக் கொடுங்கள் என்றார். கதகதப்பா. அந்த விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை, டாக்டர்.

பேரரசி இரண்டாவது முறை இட்ட முட்டை பொரிந்திருக்கிறது. கூம்பின் மேல் வால்கள் துடிக்கின்றன. இந்த நேரத்திலா?

ஜூலை 8, புதன்.

துல்லியோ கதவுக்கு வெளியே. மூக்குவரை கம்பளி.

"எல்லாத் தொட்டியிலயுமா? ஒரே நாள்லயா?"

"ஆமாங்கறேன்."

"ஒரே வலைய எல்லாத்துலயும் போட்டிருப்ப, சோம்பேறி."

"தொட்டிக்கொரு வலை, தொட்டிக்கொரு குழாய். உன் வீடுன்னு நெனச்சியா?"

"தண்ணி தனி, வலை தனி. அப்ப என்னடா பொதுவா இருக்கு?" கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். "நான் உள்ள வந்து ஒரு எட்டுப் பாக்கட்டுமா?"

"இவானாவுக்கு ஒடம்பு சரியில்ல. டாக்டர் அந்தக் காய்ச்சலா இருக்கலாங்கறாரு."

ஓரடி பின்னால் போனான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. "உப்பு போட்டுப் பாரு," என்று தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான்.

உப்பு போட்டேன்.

ஜூலை 9, வியாழன். சுதந்திர தினம்.

அணிவகுப்பு கிடையாது, கூட்டம் கிடையாது. நான் லோக்ரோ சமைத்தேன். சோளமும் பன்றிக்கறியும் நாலு மணிநேரம் கொதித்தது. தேசம் முழுவதற்கும் போதும். அவள் இரண்டு கரண்டிகூடத் தின்னவில்லை.

டிஸ்கஸ் குஞ்சுகள் நீந்தத் தொடங்கிவிட்டன. தாய் தகப்பன் உடம்பில் ஊறும் பாலைத்தான் அவை மேயும். பேரரசியின் விலாவில் தூசு போல ஒட்டிக்கொண்டு திரிகின்றன. அவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டே விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். களைத்ததும் ஒரு சிலிர்ப்பில் எல்லாவற்றையும் புருஷன் மேல் உதறுகிறாள்.

இவானா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு:

"மாமா, ஒண்ணு கவனிச்சீங்களா. துணி காயப்போட முற்றத்துக்குப் போனா தலைவலி போயிடுது. உள்ள வந்தா வந்துடுது."

"குளிர்ல மரத்துப்போகுதும்மா. அதான் வலி தெரியல. சும்மா வெளிய போய் நிக்காத. கிருமி எல்லாம் காத்துலதான் சுத்துது."

சரி மாமா என்றாள்.

ஜூலை 11, சனி.

மதியத் தூக்கத்திலிருந்து அவள் எழவில்லை. கூப்பிட்டேன். கன்னத்தில் தட்டினேன். முகம் சிவந்து ரோஜாப்பூ மாதிரி நன்றாகத்தான் இருந்தது — அதுதான் என்னை ஏமாற்றியது — இழுத்தேன், எனக்கே கால் மடங்கியது, சமையலறை வழியாக முற்றத்துக் கல்தரைவரை இழுத்தேன், அங்கே விழுந்தோம் இரண்டு பேரும். ஐயோ கொழந்தே எழுந்திரும்மா எழுந்திரும்மா என்று கத்தினேனாம். பக்கத்துவீட்டுக்காரி சொன்னாள். எனக்கு ஞாபகமில்லை. கண்ணைத் திறந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அசையல," என்றாள்.

ஆம்புலன்ஸ். மருத்துவமனை. நடைபாதையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் கையை என்ன செய்வது?

ஜூலை 12, ஞாயிறு.

இளம் பெண் மருத்துவர். காய்ச்சலைப் பற்றிக் கேட்கவேயில்லை. முதல் கேள்வி: "வீட்ட எதுல சூடு பண்றீங்க?"

சொன்னேன்.

"துவாரம் இருக்கா?"

"இருக்கு."

"தெறந்திருக்கா?"

பெரிய பெரிய பொய்களாக வாழ்நாள் முழுக்கச் சொன்னவன். ஒரு சின்னப் பொய் வரவில்லை. மூடியிருக்கேன் என்றேன். தலையை ஆட்டினார். திட்டியிருக்கலாம். "வாரத்துக்கு ஒரு குடும்பமாவது இப்படி வருது," என்று மட்டும் சொன்னார். கார்பன் மோனாக்சைடு வாயு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. இரத்தத்தில் காற்றின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். தாயின் இரத்தத்தைவிடக் குழந்தையின் இரத்தத்தில் இன்னும் கெட்டியாக.

இவானா பிழைத்துவிட்டாள். ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள்.

தளபதிக்கு இதயத்துடிப்பு இல்லை.

காற்று. பதினான்கு தொட்டிக்கும் பொதுவானது காற்று. தொட்டிகளுக்குக் காற்றூதும் ஏர் மோட்டார்கள் அந்த அறைக் காற்றை இழுத்து இழுத்து எல்லாத் தண்ணீருக்குள்ளும் விட்டுக்கொண்டிருந்தன. நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நாளாக மீன்கள் வாயைத் திறந்து திறந்து சொல்லிக்கொண்டிருந்தன. நான் உப்புப் போட்டேன்.

ஜூலை 13, திங்கள்.

பெண்.

தாளில் பெயர் எழுதக் கேட்டார்கள். இவானா முன்பே வைத்திருந்தாள், என்னிடம் சொல்லவில்லை, நான் பரிகாசம் பண்ணுவேன் என்று. எமிலியா.

ஜூலை 15, புதன்.

ஃபாபியான் இரவெல்லாம் பேருந்தில் வந்து காலையில் இறங்கினான். நான் அடி வாங்கத் தயாராக நின்றேன். கையைக் கொடுத்தான். அது அதைவிட மோசம். சவப்பெட்டியை அவனே தூக்கிக்கொண்டான். மீன் வந்து இறங்கும் பெட்டியைவிடச் சிறியது. இவானா இன்னும் மருத்துவமனையில். கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் நாலு பேர், காய்ச்சல் உத்தரவினால் அதற்குமேல் அனுமதியில்லை. சிப்ரியானோ வேலிக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 16, வியாழன்.

சனிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் மீன் அறைக்குள் போனேன். ஆம்புலன்ஸ் வந்த அன்று யாரோ எரிவாயுவை மூடி, ஜன்னலையும் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தெர்மாகோல் வட்டம் இரண்டும் தரையில் கிடந்தன. துல்லியோ என் பழைய ஹீட்டர்களைத் தேடியெடுத்துத் தொட்டிக்கொன்றாகத் தொங்கவிட்டு, ஃப்யூஸ் போகாமல் முறைவைத்து ஏற்றி, மேலே கம்பளி போர்த்தி, ஐந்து நாளாகக் காவல் இருந்திருக்கிறான். காய்ச்சல் பயத்தை எங்கே விட்டான் என்று கேட்கவில்லை.

மீன்கள் பிழைத்துவிட்டன. ஒன்றுகூடச் சாகவில்லை. நியான்கள் அடியில் விளையாடுகின்றன. டிஸ்கஸ் குஞ்சுகள் வளர்ந்திருக்கின்றன, தாயின் விலாவில் அடர்த்தியாக மேய்ந்துகொண்டிருக்கின்றன.

வாழ்நாளில் என்னிடம் உருவான முதல் டிஸ்கஸ் குஞ்சுகள். பார்க்க முடியவில்லை. போர்வையை இழுத்து மூடினேன்.

ஜூலை 17, வெள்ளி.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போடா."

"எடுத்துட்டுப் போயி? என் வீட்டுல நாலு தொட்டிதான் இருக்கு."

"சங்கத்துல குடு. ஆத்துல விடு. வறுத்துத் தின்னு."

"ஆத்துல விட்டா குளிர்ல ரெண்டு நாள்ல செத்துடும். அதுங்க உன்ன ஒண்ணும் பண்ணலயே எவாரிஸ்தோ. அதுங்க சொல்லத்தானே பாத்துச்சுங்க."

"அதனாலதான்டா."

மீன் பைகளை எடுத்துவந்து காற்று நிரப்பிக் கட்டத் தொடங்கினான். நான் ரப்பர் வளையத்தைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 29, புதன்.

இருபத்தொன்பதாம் தேதி, ஊர் வழக்கப்படி நியோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டை தின்னும் நாள். செய்யவில்லை.

இவானா மருத்துவமனையிலிருந்து நேரே பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகை அறைக்குப் போய்விட்டாள். அவள் துணிகளை ஃபாபியான் வந்து எடுத்துப் போனான். அவனும் நாளை கிணற்றுக்குத் திரும்புகிறான். அவளும் வருகிறாளா என்று கேட்டேன், இன்னும் தெரியலை என்றான். வீட்டில் சத்தமே இல்லை. ஏர் மோட்டார்களின் இரைச்சல் பதினெட்டு வருடம் என் காதில் இருந்தது. நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிகிறது.

ஆகஸ்ட் 9, ஞாயிறு.

சிப்ரியானோவின் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன்? மன்னிப்புக் கேட்கவா? அவன் காபிகூடக் கொடுக்காமல் வாசலில் நிறுத்திப் பேசினான்.

"உங்க தெருவுல இருபத்தொரு வீட்டுக்கு நான் கணப்பு மாட்டியிருக்கேன். எத்தன வீட்டுல ஓட்டை தெறந்திருக்குன்னு நெனக்கிறீங்க?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"எனக்குத் தெரியும். அதான் தூக்கம் வரல."

இன்று மதியம் அவனோடு வீடு வீடாகப் போனேன். அவன் துவாரத்தைப் பார்த்தான், நான் சொன்னேன். எல்லோருக்கும் என்னைத் தெரியும், என் புளுகுகளையும் தெரியும். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. பதினொரு வீட்டில் துணியை எடுத்தோம். ஓர் அம்மாள் மட்டும், "நீங்க போனதும் மறுபடி வெச்சிடுவேன், என் பேரனுக்குச் சளி," என்றாள். நான் அவளிடம் எமிலியா என்ற பெயரைச் சொன்னேன். சிப்ரியானோதான் என்னை வெளியே கூட்டிவந்தான்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு.

இவானா வரச்சொல்லியிருந்தாள். முதல் தடவை. காலையிலேயே முடி வெட்டிக்கொண்டேன். கேக் வாங்கினேன், வேண்டாமென்று பாதிவழியில் பூங்கா பெஞ்சில் வைத்துவிட்டேன், திரும்பிப் போய் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் மாடி. ஒரு கட்டில், ஒரு மேஜை, சுவரில் நல்ல கணப்பு. காற்றை வெளியிலிருந்தே எடுத்து வெளியிலேயே விடும் வகை, மூச்சுவிடும் அறைக்கும் அதற்கும் சம்பந்தமேயில்லை. அணைந்திருந்தது. ஜன்னல் இரண்டு கதவும் அகலத் திறந்திருந்தன. உள்ளே நாலோ ஐந்தோ டிகிரி இருக்கும். அவள் ஃபாபியானின் தடித்த கோட்டைப் போட்டு, தலையில் கம்பளித் தொப்பியோடு நின்றாள்.

"கோட்டக் கழட்டாதீங்க மாமா."

"கழட்டல."

"தூங்கறப்பவும் இப்படித்தான். வீட்டுக்காரம்மா கத்துறாங்க. பைத்தியம்னு நெனக்கறாங்க."

"நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும்."

தண்ணீர் கொதிக்க வைத்து மாத்தே போட்டாள். அடுப்பை அணைத்தாள், அணைந்ததா என்று குனிந்து பார்த்தாள், மறுபடி பார்த்தாள். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டும் என்று தேடினேன்.

"நானும் பாத்தேன் மாமா," என்றாள் திடீரென்று. "படுக்கையிலேர்ந்து நேரா தெரியும். அந்த வெள்ளை வட்டம். எதுக்குன்னும் தெரியும். எங்கம்மாவும் துணி வெச்சு அடைப்பாங்க. இதமா இருந்துச்சு. ஒண்ணும் சொல்லல."

"நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்."

"தெரியும். இருந்தாலும் சொல்லியிருக்கலாம்."

மாத்தேயைக் குடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை நெயூகென் போகிறாளாம். அங்கே இன்னும் குளிர் அதிகம், காற்றும் அதிகம், ஊரே சதா ஆடிக்கொண்டிருக்கும் என்றாள். அதைச் சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது.

கேக்கை அறுத்தாள். விரல் விறைத்துக் கத்தி வழுக்கியது. நான் வாங்கி அறுத்தேன். ஜன்னல் வழியாக வந்த காற்று மேஜைத் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பறக்காமல் இருக்க ஓர் ஓரத்தை அவள் பிடித்துக்கொண்டாள், மற்ற ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.